போகாதவனுக்குப் பதில் ஆள்

நான்கு வருடங்களில் அந்த மனிதர் எனக்கு வாங்கித் தந்த முதல் கோப்பி அது. சீனியைக் கலக்கிக்கொண்டே, இவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று யோசித்தேன்.

அவர் ஒரு கரப்பந்து கிளப்பை நடத்துபவர். திரெத்தோரே என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் அணி அது. பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே. பலெர்மோவின் ஒரேத்தோவில் அந்த அணி ஆடும் மண்டபத்துக்கு நான் காவலாள். தரை துடைப்பது, வலை கட்டுவது, ஜேர்சிகளைத் தோய்த்துக் காயப்போடுவது, சாவிக்கொத்தை வைத்திருப்பது எல்லாம் நான்தான். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் விரலைச் சொடுக்குவார். அன்று காலை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“உன்ர ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை காலமையிலை என்ர மண்டபத்திலை விளையாடுறாங்கள் எண்டு எனக்குத் தெரியும்” என்றார். அவர் பேசியது இத்தாலியனில். எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக ஒளித்துச் செய்த வேலை அது. ஞாயிறு விடியக் கதவைத் திறந்துவிடுவேன். எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இரண்டு மணித்தியாலம் ஆடிவிட்டு, தரையைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

“கோவமில்லை” என்றார். “நல்லா விளையாடுறாங்களோ?”

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அணிக்கு மாரி தொடங்கியதிலிருந்து சம்பளம் இல்லை. அது எனக்கும் தெரியும். தோய்க்க வரும் ஜேர்சி குறைந்ததிலிருந்தே தெரியும். ஆட்டக்காரர் பயிற்சியை நிறுத்தினார்கள். போன ஞாயிறு வீதி உடுப்போடு வந்து பார்வையாளர் படியில் உட்கார்ந்தார்கள். நடுவர் காத்திருந்துவிட்டு விசில் ஊதி, ஏதோ எழுதிக்கொண்டு போனார். இன்னொரு ஞாயிறு இப்படிப் போனால் கிளப்பை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார் திரெத்தோரே.

“ஏழு பேர் கொண்டா. குடியுரிமை இருக்கிற ஆக்களாப் பார். நீயும் ஒராள். தோத்தாலும் பரவாயில்லை, வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர் நிண்டாச் சரி.”

“எனக்குக் குடியுரிமை இல்லையே.”

“அதை நான் பாக்கிறன்.”

எப்படிப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். “வாற கிழமை வியாழன் உனக்குக் குவெஸ்தூராவிலை நாள் எல்லோ? உன்ர ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. ஞாயிறு ஆட்டம் முடியப் புதுசுக்குக் கையெழுத்து வைக்கிறன்.”

என் வியாழக்கிழமை அவருக்கு எப்படித் தெரியும்? அதை நான் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தேன். ஒருவர் அணியின் கப்டன். மற்றவர் நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் ஒருவர். பாரிலிருந்து மண்டபத்துக்குத் திரும்பி நடந்த அந்த ஐந்து நிமிடமும் இருவரில் யார் என்றுதான் யோசித்தேன்.

வியாழக்கிழமை எனக்கு என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு, மொஸ்கோ, ஒரு லொறியின் அடிப்பெட்டி, பாரி, நாப்போலி, ரெஜ்ஜோ என்று ஓரிடத்தில் நிற்காமல் அலைந்ததில், மற்றவர்கள் எப்போதோ எடுத்துவிட்ட காகிதங்களை எல்லாம் தவறவிட்டேன். ஓரிடத்தில் இருந்தவனுக்குத்தான் குடியுரிமை வரும். எனக்கு இருந்தது பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி மட்டும்; அதுவும் முடிந்து, தபாற்கந்தோர் தந்த ரசீதோடு திரிந்தேன். வியாழக்கிழமை குவெஸ்தூராவில், அந்த அனுமதியைப் புதுப்பிக்கும் பொலிஸ் கந்தோரில், புது வேலை ஒப்பந்தத்தைக் காட்டினால் இன்னும் இரண்டு வருடம் மனிதன். காட்டாவிட்டால் திரும்பவும் காகிதமில்லாத லொறிக் காலத்துக் கதை.

பலெர்மோவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஊருக்குப் போனால், அவன் திரும்பும்வரை இன்னொருவன் அவன் வேலைக்குப் பதிலுக்கு நிற்பான். போகிறவனே ஆளைத் தேடிப் பிடித்து, தான் வேலை செய்யும் வீட்டு அம்மாவான சிஞ்ஞோராவிடம் கூட்டிக்கொண்டு போய், எல்லாம் காட்டிக் கொடுப்பான். எந்த மருந்து எந்த நேரம், எந்தச் சன்னல் இறுகும், நாய்க்கு யாரைப் பிடிக்காது. பதிலுக்கு நிற்பவன் ஒரு கோப்பையைக்கூட இடம் மாற்றக் கூடாது. போனவனைவிட நன்றாகச் சமைக்கக் கூடாது. போனவன் ஊரிலிருந்து ஒன்றைவிட்ட ஒருநாள் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுப்பான். சுகம் விசாரிக்க என்று சொல்வான். தன் இடம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். அவன் வந்து இறங்கிய அன்று சாவி அவன் கைக்குப் போய்விட வேண்டும்.

நான் ஒரு முறை கொடுக்கவில்லை.

அண்ணை தாயின் செத்தவீட்டுக்குப் போனபோது அவருடைய சிஞ்ஞோராவுக்கு நான் பதிலுக்கு நின்றேன். மருந்துப் பெட்டியை என் வசதிக்கு மாற்றி அடுக்கினேன். மீன் பொரித்தேன். ஆறாம் கிழமை சிஞ்ஞோரா, நீயே நின்றுவிடு என்றார். நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணை திரும்பி வந்து, சிஞ்ஞோராவுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டியோடு கீழே நின்று மணி அடித்தார். மேலே ரிசீவரை எடுத்து ‘யார்’ என்று கேட்டது நான். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு நடந்து போகும் சத்தம். ஏழு மாதத்தில் அந்த சிஞ்ஞோரா செத்துப்போனார். எனக்கும் வேலை இல்லாமல் போனது. அண்ணை அதைப் பற்றி ஏழு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வைதிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

திரெத்தோரே ‘ஒரு ஞாயிறு’ என்றபோது, இந்த வழக்கம்தான் என் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. அவர்களுடைய இடத்தை ஒரு நாளைக்கு நாங்கள் பார்த்துக்கொள்வோம். கிளப் லீக்கில் நிற்கும். அவர்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்களுக்கும் நல்லதுதானே. நான் கேட்ட எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அண்ணை சொல்லாமல் அவர்களில் ஒருவனும் வரமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணை இப்போது மொண்டெல்லோவில் ஒரு கிழவரைப் பார்க்கிறார். மாசி மாதக் கடற்கரையில் ஒரு குஞ்சும் இல்லை. சக்கர நாற்காலியில் போர்வைக்குள் கிழவர் நித்திரை. பக்கத்து வாங்கில் அண்ணை தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன, இந்தப் பக்கம்? ஆரும் செத்திட்டினமோ?”

“இல்லை அண்ணை. ஒரு அலுவல்.”

“உனக்கு அலுவல் வந்தால் எனக்குப் பயம்.”

சொன்னேன். அவர் ஒவ்வொரு சுளையாகச் சாப்பிட்டபடி கேட்டார்.

“விளையாடுறவங்களுக்குச் சம்பளம் குடுக்காதவன் உனக்குக் கோப்பி குடுத்தவனோ?”

“ஓம்.”

“கூடத் திண்ணவும் ஏதும் தந்தவனோ?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. வியாழன் எனக்குக் குவெஸ்தூரா.”

“தெரியும். சொன்னனி.”

அவர் முகத்தையே பார்த்தேன். இவர்தான் திரெத்தோரேக்குச் சொன்னவரோ? அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. கிழவரின் போர்வையை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்:

“நிக்கிறது பிரச்சினை இல்லை. பதிலுக்கு நிக்கிறதெண்டால் இடத்துக்குச் சொந்தக்காரன் எல்லோ காட்டித்தர வேணும். அந்தப் பெடியங்களிட்டைக் கேட்டனியோ?”

“இல்லை.”

“கேக்காமல் நிக்கிறதுக்குப் பேர் வேறை.” கடலைப் பார்த்தார். “உனக்குத் தெரியும்.”

ஏழு வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

“கப்டனிட்டைப் போ. வெறுங்கையோடை போகாதை. அவன் சரியெண்டால் நான் மிச்ச ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

அடுத்த நாள் தமிழ்க்கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீன்பிடி ஊருக்குப் பஸ் ஏறினேன். கப்டனின் தாய்மாமனுக்கு அங்கே ஒரு மீன் உணவகம் இருக்கிறது. சம்பளம் நின்றதிலிருந்து கப்டன் அங்கே வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல உயரமான மனிதன். தொட்டி மீது இரண்டாக மடிந்து நின்று சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தியை நிறுத்தினான்.

“அந்தாள் உன்னை அனுப்பினவரோ?” என்றான் இத்தாலியனில்.

“இல்லை.”

“அப்ப ஏன் வந்தனி?”

“கேக்க வந்தனான். ஞாயிறு நாங்கள் உங்கட இடத்திலை நிக்கப் போறம். ஏதும் சொல்ல இருக்கோ? ஆர் எங்கை நிக்கிறது, உன்ர நம்பரை ஆர் போடலாம்…”

அவன் என்னையும் லட்டுப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். “மாமா! இஞ்சை வாங்கோ! ஒரு குருமீரோ எங்களிட்டை வந்து உத்தரவு கேக்கிறான். இனிப்பும் கொண்டு வந்திருக்கிறான்!”

மற்றவர்கள் வேலையை நிறுத்தும்போது உள்ளே போய் அதைச் செய்கிறவனுக்கு அங்கே சொல்லும் பெயர் அது. எனக்கு அந்தச் சொல் தெரியும். தெற்கே தக்காளித் தோட்டத்தில் ஒரு முறை அதைக் கல்லோடு சேர்த்து எறிந்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் இன்னும் தழும்பு இருக்கிறது. அப்போது ஏன் எறிந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. எறிந்தார்கள், ஓடினேன், அவ்வளவுதான்.

எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். நாய், சன்னல், மருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

“இது வேறை” என்றான். “எங்களிட்டை இருக்கிற ஒரே சாமான் அந்த வெறும் தரைதான். நடுவர் விசில் ஊதேக்கை அங்கை ஒருத்தரும் நிக்கக் கூடாது. நீங்கள் ஆறு பேர் போய் நிண்டியளெண்டால் எங்களிட்டை ஒண்டுமில்லை. அமெரிக்காவிலை பெரிய லீக்கிலையே ஒருக்கா இப்பிடிச் செய்தவங்கள். முதலாளிமார் வேறை ஆக்களை இறக்கினாங்கள். சனம் வந்து பாத்தது. வேலைநிறுத்தம் உடைஞ்சுது.”

“ஒரு ஞாயிறுதானே.”

“அவருக்கு ஒரு ஞாயிறு காணும். லீக்கிலை இடம் தப்பினால் அந்த இடத்தை வேறை ஊர்க் கிளப்புக்கு வித்துப்போட்டுப் போவார். நாங்கள் திரும்பி வரவேணும் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?” கத்தியைத் திரும்ப எடுத்தான். “உனக்கு என்ன தாறார்?”

“ஒப்பந்தம். வியாழனுக்கு.”

“கண்ணாலை கண்டனியோ?”

“இல்லை.”

அவன் அடுத்த சிப்பியை எடுத்தான். “எத்தினை பேர் வருவியள்?” என்று மட்டும் கேட்டான். ஏன் எண்ணிக்கை கேட்கிறான் என்று எனக்கு உறுத்தியது. நான் சொல்லவில்லை. லட்டுப் பெட்டியை அவன் தொடவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, மாமன் ஒன்றை எடுத்து வாயில் போடுவதைக் கண்ணாடியூடாகக் கண்டேன்.

பஸ் முழுவதும் அவனைப் பற்றித்தான் யோசித்தேன். இவனுக்கு மாமன் இருக்கிறான், சிப்பி இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது. குவெஸ்தூரா வாசலில் விடிய ஐந்து மணிக்கு வரிசையில் நின்றிருக்கிறானா? கிளப் உடைந்தால் இவனுக்கு முழங்கால் ஓய்வு. எனக்கு? இவன்தான் என் வியாழக்கிழமையைத் திரெத்தோரேக்குச் சொல்லி, நான் பலவீனமானவன் என்று காட்டிக் கொடுத்திருப்பான் என்றும் தோன்றியது. அப்படி நினைத்தபோது மனம் கொஞ்சம் லேசாயிற்று.

இறங்கியதும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். “கேட்டனான் அண்ணை. பரவாயில்லை எண்டமாதிரித்தான் சொன்னவன்.”

“வாயாலை சொன்னவனோ?”

“ஓம், சொன்னவன்.”

வெள்ளிக்கிழமை எங்கள் ஏழு பேருடைய அடையாள அட்டைப் பிரதிகளைச் சேர்த்துக் கொண்டுபோய்த் திரெத்தோரேயின் மேசையில் வைத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, “நல்ல ஆள் நீ” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஏணியில் நின்று வலைக் கம்பத்தை இறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மேல் மாடியில் திரெத்தோரேயின் கந்தோரிலிருந்து ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அண்ணை. மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். கிழவரை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் எங்கும் போகாத மனிதர். ஏணியிலேயே நின்று போன் எடுத்தேன்.

“எங்கை அண்ணை நிக்கிறியள்?”

“மொண்டெல்லோவிலை.”

ஏழு வருடம் இந்த மனிதர் ஏன் ஒன்றும் பேசவில்லை என்பது விளங்கிவிட்டது போல இருந்தது. நான் அவர் இடத்தை எடுத்தேன். அவர் என் இடத்தை எடுக்கப்போகிறார். இன்னும் மோசம், அவர் எடுத்தால் அதைப் பிழை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல முடியாது.

ஞாயிறு எங்கள் ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். அண்ணையும் வந்தார். எப்போதும் போலத்தான் இருந்தார். உடுப்பு மாற்றும் அறையில், ஒரு பிற்ஸாக் கடையில் மா பிசைகிற எங்கள் சமையல்காரன் ஜேர்சியைத் தலையால் போட்டுவிட்டு நின்றான். நெட்டையானவர்களுக்குத் தைத்தது, முழங்காலைத் தொட்டது.

“மச்சான், கீழை ஒண்டும் போடத் தேவையில்லை போலை.”

“வயித்திலை பார், நம்பர் ரெண்டாப் பிளந்து கிடக்கு.”

“அது எதிராளியை ஏமாத்திறதுக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கப்டனின் ஜேர்சியை எடுத்தார், ஆனால் போடவில்லை. நான் தோய்த்து மடித்தது போலவே திரும்ப மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எதிர் அணி பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் சிரித்தார்கள். பார்வையாளர் படியில் சனம் குறைவு. முதல் வரிசையில் எங்கள் கிளப்பின் ஆட்டக்காரர் வீதி உடுப்பில், கையைக் கட்டிக்கொண்டு. அண்ணை நேரே கப்டனிடம் போய் நின்றார். தன் ஆறுதலான இத்தாலியனில் சொன்னார்:

“நீங்கள் சம்மதம் எண்டு கேள்விப்பட்டன். உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ. போடுறன்.”

கப்டன் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தான். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

“நான் சொல்லேல்லை” என்றான்.

அண்ணை தலையை ஆட்டினார். ஜேர்சியைக் கப்டனின் மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்த வெறும் இருக்கையில், பஸ்ஸில் உட்காருவது போல உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நாங்கள் ஆறு பேர் ஆனோம். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திரெத்தோரே ஓடிவந்தார். “ஆறு காணும். இறங்குங்கோ.”

“ஒப்பந்தம்” என்றேன்.

“ஆட்டம் முடிய.”

“இப்ப.”

காகிதம் என் சப்பாத்துக்குள் இருந்தது. தொழிலாளர் உதவிக் கந்தோரில் ஒரு பெண்ணைக் கொண்டு எல்லாம் நிரப்பி வைத்திருந்தேன். கையெழுத்தும் முத்திரையும்தான் இல்லை. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரெத்தோரே பல்லைக் கடித்துக்கொண்டு, புள்ளி எழுதுகிறவரின் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“முத்திரை?”

“மேலை மேசையிலை கிடக்கு. சாவி உன்னட்டைத்தானே. ஓடிப்போய்க் குத்திக்கொண்டு வா!”

நான் வாசிக்கத் தெரியாதவன் என்று அவர் நினைத்திருந்தார். பாதி சரி.

மேசையில் முத்திரை ஒரு காகிதக் கட்டின் மேல் இருந்தது. ஒரு சுத்திகரிப்புக் கம்பனியின் கடிதம், போன மாதத் திகதி. முழுதாக வாசிக்க எனக்கு வராது. ஆனால் உடுப்பு மாற்றும் அறை, பார்வையாளர் படி, தரை, கழிவறை என்ற சொற்கள் தெரியும். அவை என்னுடைய நாள். அடுத்த மாதம் முதலாம் திகதி என்பதும் தெரியும். ‘காவலாள், ஒருவர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு அடையாள அட்டைப் பிரதி குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த முகம் அண்ணையுடையது.

கையில் முத்திரையோடு நின்றேன். பிறகு என் ஒப்பந்தத்தில் குத்தினேன். குத்தாமல் விடுகிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை.

கீழே வந்து நேரே படிக்குப் போனேன். நடுவர் கூப்பிட்டது கேட்டது.

“என்ர வேலையை எடுத்திட்டியளோ?”

அண்ணை அண்ணாந்து பார்த்தார். “நேற்று அந்தாள் கூப்பிட்டுக் கேட்டவர்.”

“என்ன சொன்னனியள்?”

“அவன் எங்கை போயிட்டான் எண்டு கேட்டன். எங்கையும் போகேல்லை எண்டார். போகாதவனுக்கு எப்பிடிப் பதிலுக்கு நிக்கிறது எண்டு கேட்டன். அந்தாளுக்கு விளங்கேல்லை. வந்திட்டன்.”

“உங்கட அட்டைப் பிரதி அங்கை குத்திக் கிடக்கு!”

“அதைக் கொண்டுபோய்க் குடுத்தது ஆர்?”

நான்தான். வெள்ளிக்கிழமை. ஏழில் ஒன்றாக.

“மொண்டெல்லோவிலை எண்டு ஏன் பொய் சொன்னனியள்?”

“உண்மையைச் சொன்னால் நம்பியிருப்பியோ? நாளைக்கு விளையாட்டு முடியச் சொல்லுவம் எண்டு விட்டன்.” கப்டன் பக்கம் மோவாயைக் காட்டினார். “நீயும் இவன் சம்மதம் எண்டு ஒண்டு சொன்னனி. சரிக்குச் சரி.”

தமிழ் விளங்காத கப்டன், எங்கள் இருவரையும் பந்து பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தான்.

அப்போதும் நான் அண்ணையை முழுதாக நம்பவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் ஒன்று விளங்கியது. என் வேலையை அந்தக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரெத்தோரே எனக்குக் கோப்பி வாங்கித் தந்திருக்கிறார். ஆடினாலும் அடுத்த மாதம் மண்டபத்தில் நான் இல்லை. ஜேர்சியைக் கழற்றினேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் மடித்து வாங்கில் வைத்தேன்.

கோட்டுக்கு வெளியே ஐந்து பேராக நின்ற எங்கள் ஆட்களில் சமையல்காரன் கத்தினான்: “அப்ப நானும் கழட்டவோ? போட்டதே பெரிய பாடு!”

நடுவர் விசில் ஊதினார். வலைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர். இந்தப் பக்கம் வெறும் தரை. காலையில் நான் துடைத்தது, ஒரு அடிச்சுவடுகூட இல்லை.

சாமான் அறையில் என் உடுப்பை எடுக்கப் போனபோது கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். குவெஸ்தூரா நாள் குறித்த துண்டு அங்கேதான் ஒட்டியிருந்தது. மறக்கக் கூடாது என்று ஒட்டியவன் நான். அந்த அறைக்குத் திரெத்தோரேயிடமும் ஒரு சாவி இருந்தது.

திங்கட்கிழமை அவர் என்னிடமிருந்த சாவிகளைக் கேட்டு வாங்கினார். நான் குத்திய முத்திரை செல்லாது என்று உதவிக் கந்தோருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் வாதாடவில்லை. கிளப்பை லீக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்டக்காரருக்குச் சம்பளம் முழுதாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருவனும் ஒவ்வொரு கதை சொல்கிறான். ஒரு மாதம் கழித்து ஒரு காரணமும் இல்லாமல் அந்த வழியால் நடந்து போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே முன்பின் தெரியாத ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணை இல்லை. அன்றைக்குத்தான் அவரை முழுதாக நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் நடுவில் விட்ட செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும். கப்டன் போன் எடுத்தான். மாமனின் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வங்காளதேசத்துக்காரன் தகப்பனுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய்விட்டானாம். “அவன் வரும்வரைக்கும் வா. எழுத்திலை தருவம்.” ஏன் தருகிறான்? பரிதாபமா, அல்லது திரெத்தோரேக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒரு ஆள் கையில் இருக்கட்டும் என்றா? கேட்கவில்லை. புதன்கிழமை மாமன் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி, என் கையிலேயே தந்தார். வியாழக்கிழமை குவெஸ்தூராவில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டார்கள். கோடையில் வா, அப்போதும் வேலை இருக்க வேண்டும் என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

வங்காளதேசத்துக்காரன் சித்திரை முடிய வருகிறான். கோடைக்கு முன்.

அவன் உணவகத்துக்கு ஒன்றைவிட்ட ஒருநாள் போன் எடுக்கிறான். போன கிழமை மாமன் கை ஈரம் என்று என்னை எடுக்கச் சொன்னார்.

“ஆர் நீ?” என்றான். என்னைப் போலவே உடைந்த இத்தாலியன்.

“உன்ர இடத்திலை நிக்கிறவன்.”

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

“எப்ப போவாய்?”

“நீ வந்து இறங்கிற அண்டைக்கு.”

“பெரிய சட்டியள் எங்கை?”

“நீ வைச்ச இடத்திலைதான்.”

அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமன் என் தட்டு அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ அவனைவிடக் கெதியாக் கழுவுறாய்” என்றார்.

அன்றிலிருந்து கொஞ்சம் மெதுவாகக் கழுவுகிறேன்.